கொரியப் போர் ஏன் இன்னும் முடியவில்லை?

வட கொரியா ஏவுகணைச் சோதனை நடத்தியது என்று செய்தி வரும்போதெல்லாம், "இரண்டு கொரியாக்களும் இன்னும் போரில்தான் இருக்கின்றன" என்று கூடவே ஒரு வரி வரும். படிப்பவர்கள் பலரும் அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு கடந்துபோவார்கள். ஆனால் அது உள்ளபடியே உண்மை. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று நிறுத்தப்பட்டது. முடித்துவைக்கப்படவில்லை. சமாதான உடன்படிக்கை என்று எதிலும் இன்றுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று ஆண்டுச் சண்டையில் செத்தவர்கள் 25 லட்சம் முதல் 30 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் துப்பாக்கியே தூக்காத மக்கள். இத்தனை பேரைப் பலிகொடுத்த பிறகு எல்லைக்கோடு தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. இரண்டாம் உலகப் போருக்கும் வியட்நாம் போருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால், இந்தப் போரைப் பற்றி நம்மில் பலருக்குப் பெயரைத் தாண்டி எதுவும் தெரியாமல் போய்விட்டது. அடியிலிருந்து பார்ப்போம்.

கோடு வந்த கதை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. கடைசி ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் கொரிய மொழிக்கு இடமில்லை. சொந்தப் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ளும்படி மக்களை நெருக்கினார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகிறது என்று தெரிந்தபோது, சோவியத் படை வடக்கிலிருந்து கொரியாவுக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டது. அமெரிக்கப் படை அருகில் எங்கும் இல்லை. விட்டால் முழுத் தீபகற்பமும் ஸ்டாலின் கைக்குப் போய்விடும் என்று வாஷிங்டன் கவலைப்பட்டது.

ஆகஸ்ட் 10 நள்ளிரவு வாக்கில், டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு இளம் ராணுவ அதிகாரிகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, எங்கே பிரிக்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கொடுத்த நேரம் அரை மணி. கையில் இருந்தது நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம் ஒன்று. அவர்கள் 38-ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள். தலைநகரான சியோல் அமெரிக்கப் பக்கம் விழ வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. சோவியத் தரப்பு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. ஒரு கொரியரைக்கூட யாரும் கேட்கவில்லை.

மலை, ஆறு, ஊர் எதையும் பார்த்துப் போட்ட கோடு இல்லை அது. கேசோங் என்ற பழைய அரச நகரம் கோட்டுக்குத் தெற்கே விழுந்தது. கிழக்குக் கரையில் சோக்சோ என்ற மீனவர் ஊர் வடக்கே விழுந்தது. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட கோடு, அமெரிக்க - சோவியத் பகை முற்ற முற்ற இறுகிப்போனது. கொரியா முழுவதும் தேர்தல் நடத்த ஐ.நா. ஓர் ஆணையத்தை அமைத்தது. அதற்குத் தலைவர் இந்தியாவின் கே.பி.எஸ். மேனன். வடக்கே ஆணையத்தை உள்ளேயே விடவில்லை. கடைசியில் 1948 மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று சிங்மன் ரீ தலைமையில் கொரியக் குடியரசு பிறந்தது. செப்டம்பர் 9 அன்று கிம் இல்-சுங் தலைமையில் வடக்கில் இன்னொரு அரசு. ரீயும் சரி, கிம்மும் சரி, பாதி நாட்டோடு திருப்திப்பட்டவர்கள் இல்லை. முழுக் கொரியாவுக்கும் நானே அரசன் என்றுதான் இருவரும் நின்றார்கள்.

அதனால் 1950-இல் திடீரென்று போர் மூண்டது என்று நினைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1948 ஏப்ரலில் தெற்கே ஜெஜு தீவில் இடதுசாரிக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிய விதத்தில் பல்லாயிரக்கணக்கான தீவுவாசிகள் கொல்லப்பட்டார்கள். 1949 முழுவதும் 38-ஆவது ரேகையில் மோதல் நடந்துகொண்டே இருந்தது. கொரியர்களுக்குள் ஏற்கெனவே உள்நாட்டுப் போர் கனிந்திருந்தது. வல்லரசுகள் அதற்குள் தங்கள் சண்டையைக் கொண்டுவந்து வைத்தன என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஏன் 1950-இல்?

தெற்கின் மேல் படையெடுக்க அனுமதி கேட்டு கிம் இல்-சுங் ஸ்டாலினை நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஸ்டாலின் முதலில் தலையாட்டவில்லை. 1949-இல் நிலைமை மாறியது. ஜூனில் அமெரிக்கப் படை தெற்கிலிருந்து வெளியேறியது. ஆகஸ்டில் சோவியத் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் மாவோ சீனாவைப் பிடித்தார். அவர் படையில் சண்டையிட்டுப் பழகிய பல்லாயிரம் கொரிய வீரர்கள் ஊர் திரும்பினார்கள். 1950 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் ஆசியாவில் தங்கள் பாதுகாப்பு வளையம் எதுவரை என்று பட்டியலிட்டுப் பேசினார். ஜப்பான் இருந்தது, பிலிப்பைன்ஸ் இருந்தது, கொரியா இல்லை. ஸ்டாலின் இறங்கிவந்தார். ஆனால் இரண்டு நிபந்தனை: மாவோ சம்மதிக்க வேண்டும், அடி வாங்கினால் சோவியத் படை வராது.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வட கொரியப் படை டி-34 டாங்கிகளோடு ரேகையைத் தாண்டியது. தெற்கிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ரீ வடக்கே படையெடுத்துவிடுவார் என்ற பயத்தில் அமெரிக்கா அவருக்கு டாங்கியும் கனரகப் பீரங்கியும் தராமல் இருந்தது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது.

அந்த மூன்று நாளில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ரீ 27-ஆம் தேதியே நகரை விட்டுப் போய்விட்டார். அன்றிரவு வானொலியில் அவர் குரல் ஒலிபரப்பானது. மக்கள் பதற்றப்பட வேண்டாம், அரசு உங்களோடு இருக்கிறது என்ற பாணியில். 28-ஆம் தேதி பின்னிரவில் ஹான் ஆற்றுப் பாலத்தை ராணுவமே வெடி வைத்துத் தகர்த்தது. பாலத்தின் மேல் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தெற்கின் படையில் பெரும்பகுதி அக்கரையில் மாட்டிக்கொண்டது. உத்தரவை நிறைவேற்றிய பொறியியல் பிரிவு அதிகாரியைச் சில மாதங்களில் சுட்டுக் கொன்றார்கள். 1964-இல் மறுவிசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. வானொலியை நம்பி ஊரிலேயே இருந்துவிட்ட மக்களை, நகரம் மீட்கப்பட்ட பிறகு எதிரிக்கு உடந்தையாக இருந்தவர்கள் என்று சந்தேகித்தார்கள்.

ஐ.நா. பாதுகாப்பு மன்றம் படையெடுப்பைக் கண்டித்தது. தெற்குக்கு உதவும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டது. சோவியத் ஏன் வீட்டோ போடவில்லை? சீனாவின் இருக்கையை பெய்ஜிங்கில் இருந்த மாவோவின் அரசுக்குத் தரவில்லை என்று ஜனவரி முதலே மன்றத்தைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி காலியாக இருந்ததால் ஐ.நா. கொடியின் கீழ் அமெரிக்கத் தலைமையில் 16 நாடுகளின் படை கொரியாவில் இறங்கியது. இந்தியா படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தது, ஆனால் சண்டைப் படை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்.

மேலும் கீழும் ஓடிய ஓர் ஆண்டு

போரின் முதல் ஆண்டைப் புரிந்துகொள்ள ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. ஆகஸ்ட் மாதம் தெற்கும் அமெரிக்காவும் தென்கிழக்கு மூலையில், பூசான் துறைமுகத்தைச் சுற்றிய ஒரு சிறு பகுதிக்குள் ஒடுங்கிப் போயிருந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கடல்தான்.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் எதிரியின் முதுகுக்குப் பின்னால், சியோலுக்கு அருகே இன்சோன் துறைமுகத்தில் படையை இறக்கினார். கூட இருந்த கடற்படை அதிகாரிகளே வேண்டாம் என்ற இடம் அது. ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஒன்பது பத்து மீட்டர்வரை மாறும். ஓதம் ஏறியிருக்கும் சில மணி நேரத்துக்குள் இறங்காவிட்டால் கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். யாரும் எதிர்பார்க்காத இடம் என்பதாலேயே அது பலித்தது. வட கொரியப் படையின் வழங்கல் பாதை அறுந்தது. மாதக் கடைசிக்குள் சியோல் மீண்டது.

இங்கேதான் நின்றிருக்க வேண்டும். ஐ.நா. கேட்டது படையெடுப்பை முறியடிப்பது, அது நடந்துவிட்டது. மூன்று மாதத்தில் முடிந்த போர் என்று வரலாற்றில் இருந்திருக்கும். ஆனால் வெற்றி கையில் இருக்கும்போது கோட்டருகே நிற்பதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. அக்டோபர் 1 அன்று தென் கொரியப் படையும், ஒரு வாரத்தில் அமெரிக்கப் படையும் ரேகையைத் தாண்டி வடக்கே போயின.

எச்சரிக்கை வராமல் இல்லை. அக்டோபர் 3 பின்னிரவில் பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் எழுப்பி வரவழைத்தார். தென் கொரியர்கள் தாண்டினால் பரவாயில்லை, அமெரிக்கர்கள் தாண்டினால் சீனா தலையிடும் என்றார். பணிக்கர் உடனே டெல்லிக்குத் தகவல் அனுப்பினார், டெல்லி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சொன்னது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதைப் பொருட்படுத்தவில்லை. பணிக்கர் கம்யூனிஸ்டுகளுக்குச் சாதகமானவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். சொன்னவர் யார் என்று பார்த்தார்களே தவிர, சொன்னது என்ன என்று பார்க்கவில்லை. இந்தப் போரில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

அக்டோபர் 19 அன்று ஐ.நா. படை பியோங்யாங்கைப் பிடித்தது. அதே நாளில் பெங் தெஹுவாய் தலைமையிலான சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. இரவில் நடந்து, பகலில் காட்டுக்குள் அசையாமல் படுத்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் படவேயில்லை. கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பலாம் என்ற பேச்சோடு மெக்கார்தர் நவம்பர் 24 அன்று கடைசித் தாக்குதலைத் தொடங்கினார். மறுநாள் சீனப் படை அவர் மேல் விழுந்தது.

அப்புறம் நடந்தது அமெரிக்க ராணுவம் கண்ட மிக நீண்ட பின்வாங்கல்களில் ஒன்று. சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய மலைகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. துப்பாக்கி எண்ணெய் உறைந்தது, காயத்துக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் உறைந்தது. எதிரே, கிழக்குச் சீனாவிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட சீன வீரர்களுக்குச் சரியான குளிர்காலச் சீருடையே இல்லை. சண்டையில் செத்தவர்களோடு, குழிக்குள் உட்கார்ந்தபடியே உறைந்து செத்தவர்களும் ஏராளம்.

டிசம்பரில் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து ஒரு லட்சம் வீரர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். பின்னால் ஏறத்தாழ அதே அளவு பொதுமக்கள் கரையில் நின்றார்கள். அவர்களையும் ஏற்றினார்கள். மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலில் பயணிகளுக்கு இருந்தது 12 இடம். அதில் 14,000 பேர் ஏறினார்கள். சரக்கு அறைகளில் தட்டுத் தட்டாகப் பலகை போட்டு, உட்காரக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தார்கள். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று கோஜே தீவை அடைந்தபோது ஒருவர்கூடச் சாகவில்லை. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்திருந்தன. அந்தக் கப்பலில் வந்த ஒரு தம்பதிக்கு 1953-இல் பிறந்த மகன் மூன் ஜே-இன், 2017-இல் தென் கொரியாவின் அதிபரானார்.

அதே டிசம்பரில் பியோங்யாங்கில் இருந்த இந்திய மருத்துவப் பிரிவை உபகரணங்களை விட்டுவிட்டுக் கிளம்பும்படி சொன்னார்கள். கருவிகள் இல்லாமல் மருத்துவப் பிரிவு எதற்கு? ரங்கராஜும் ஆட்களும் ரயில் நிலையத்தில் கைவிடப்பட்ட ஒரு பழைய நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார்கள். ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி கொதிகலனை நிரப்பினார்கள். அறுவைக் கருவிகள் முதல் மருந்துவரை ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு தேடோங் ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள். பின்பு ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

1951 ஜனவரி 4 அன்று சியோல் மறுபடியும் வடக்கின் கையில் விழுந்தது. மார்ச்சில் மீண்டும் மீட்கப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள் நான்கு முறை கைமாறிய நகரம். சீனாவுக்குள்ளேயே போரைக் கொண்டுபோக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய மெக்கார்தரை ஏப்ரல் 11 அன்று ட்ரூமன் பதவியிலிருந்து நீக்கினார். ஜூன் வாக்கில் இரு தரப்பும் 38-ஆவது ரேகையை ஒட்டிப் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. யாரும் யாரையும் முழுதாகத் தோற்கடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகும் இரண்டு ஆண்டு

1951 ஜூலை 10 அன்று கேசோங்கில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அப்புறம் பான்முன்ஜோம் என்ற குக்கிராமத்துக்கு மாறியது. எல்லைக்கோடு எங்கே என்பதில் சில மாதங்களிலேயே ஏறக்குறைய உடன்பாடு வந்துவிட்டது. பின் எதற்காக இரண்டு ஆண்டு?

கைதிகளுக்காக. போர் நின்றதும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1949 ஜெனீவா உடன்படிக்கை. ஆனால் தெற்கின் முகாம்களில் இருந்தவர்களில் பலர் வடக்கால் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட தென் கொரியர்கள். சீனக் கைதிகளிலும் பலர் முன்பு, மாவோவிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை-ஷேக்கின் படையில் இருந்தவர்கள். விருப்பமில்லாதவர்களை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. 1952 ஏப்ரலில் கேட்டுப் பார்த்ததில் திரும்பிப் போகிறோம் என்றவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று வந்தது. சீனாவும் வட கொரியாவும் கொதித்துப்போயின. முகாம்களுக்குள்ளேயே கம்யூனிஸ்டுக் கும்பல்களும் கம்யூனிஸ்டு எதிர்ப்புக் கும்பல்களும் ஒருவரையொருவர் அடித்துக் கொன்றதால், கைதிகள் உண்மையில் சுதந்திரமாகத்தான் சொன்னார்களா என்ற கேள்வியும் நியாயமானதுதான். மே மாதம் கோஜே தீவு முகாமில் கைதிகள் அமெரிக்க முகாம் தளபதியையே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மேசையில் இந்த வாக்குவாதம் நடந்த இரண்டு ஆண்டும் மலைகளில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குன்றைப் பிடிப்பதும் இழப்பதும் மறுபடி பிடிப்பதுமாக.

வடக்கின் மேல் குண்டு பொழிவதும் நிற்கவில்லை. அமெரிக்கா கொரியாவில் போட்டது மொத்தம் 6,35,000 டன் குண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் முழுவதும் போட்டதைவிட இது அதிகம். 32,000 டன்னுக்கு மேல் நேபாம், அதாவது உடம்பில் ஒட்டிக்கொண்டு எரியும் தீக்குழம்பு. பியோங்யாங்கில் நிற்கிற கட்டடமே அரிதாகிப்போனது. மக்கள் குகைகளிலும் சுரங்கங்களிலும் வாழ்ந்தார்கள். 1953 மே மாதம் பாசன அணைகளையும் உடைத்தார்கள். வெள்ளம் நெல்வயல்களை அடித்துப்போனது. வட கொரிய அரசு தன் மக்களை இன்றுவரை அச்சத்தின் பிடியில் வைத்து ஆள்கிறது. அந்தக் கொடுமையை நியாயப்படுத்த எதுவும் இல்லை. ஆனால் அந்த நாட்டின் முற்றுகை மனநிலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்தக் குண்டுவீச்சைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

1952 இறுதியில் கைதிகள் விவகாரத்துக்கு ஐ.நா.வில் இந்தியா ஒரு வழி சொன்னது. வி.கே. கிருஷ்ண மேனன் முன்னின்று தயாரித்த தீர்மானம்: திரும்ப விரும்பாதவர்களை ஒரு நடுநிலை ஆணையத்திடம் ஒப்படைப்பது. அப்போது சீனாவும் சோவியத்தும் அதை நிராகரித்தன. 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். மாஸ்கோவின் புதிய தலைவர்களுக்கு இந்தப் போரைத் தொடர விருப்பமில்லை. முடிவில் ஏற்பட்ட ஏற்பாடு இந்தியா சொன்னதை ஒட்டியே அமைந்தது. ரீ மட்டும் சம்மதிக்கவில்லை. நாடு ஒன்றாகாமல் போரை நிறுத்துவதா என்று கொதித்தவர், ஜூன் 18 அன்று காவலர்களை விட்டு முகாம் கதவுகளைத் திறந்து 25,000-க்கும் மேற்பட்ட கைதிகளைத் தப்பவிட்டார்.

ஆனாலும் 1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பான்முன்ஜோமில் அமெரிக்கத் தளபதி வில்லியம் ஹாரிசனும் வட கொரியத் தளபதி நாம் இல்லும் பிரதி பிரதியாகக் கையெழுத்துப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு பத்து மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன.

எஞ்சியது

கைதிகள் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. ஆணையத் தலைவர் ஜெனரல் திம்மையா; காவல் படைக்கு மேஜர் ஜெனரல் தோரட். இந்தியர்கள் தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று ரீ பிடிவாதம் பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் இரு கொரியாக்களுக்கும் நடுவில் விட்ட ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள். 22,000-க்கும் மேற்பட்ட சீன, கொரியக் கைதிகளை மாதக்கணக்கில் அங்கே பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் தைவானுக்கும் தென் கொரியாவுக்கும் போனார்கள். 21 அமெரிக்கர்களும் ஒரு பிரிட்டிஷ்காரரும் சீனப் பக்கமே இருந்துகொள்வதாகச் சொன்னார்கள். வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம், மூன்றாவது நாடு எதற்காவது அனுப்புங்கள் என்றவர்கள் 88 பேர். அவர்கள் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள், பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று போனார்கள்.

உலகம் முழுவதும் இந்தப் போரின் அலை அடித்தது. அமெரிக்காவின் ராணுவச் செலவு மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. பிறகு பழைய அளவுக்கு இறங்கவேயில்லை. தைவான் நீரிணைக்கு அமெரிக்கக் கடற்படை போனது 1950 ஜூனில், இந்தப் போரின் காரணமாகத்தான். தோற்றுக் கிடந்த ஜப்பானின் தொழிற்சாலைகள் அமெரிக்க ராணுவத்தின் கொள்முதலால் எழுந்து நின்றன.

நமக்குப் பக்கத்திலும் அடித்தது. போர் தொடங்கியதும் ரப்பர் விலை தாறுமாறாக ஏறியது. மலாயா, இலங்கைத் தோட்டங்களில் தமிழர்கள் பால் வெட்டிய ரப்பர் அது. 1951-க்குப் பிறகு விலை சரிந்தது. ஆனால் இலங்கை இறக்குமதி செய்யும் அரிசியின் விலை இறங்கவில்லை. அந்நியச் செலாவணி கரைந்தது. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்ற ஐ.நா. தடை இருந்தும் (இலங்கை அப்போது உறுப்பு நாடு இல்லை) 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ரப்பர் - அரிசி ஒப்பந்தம் போட்டது. அதுவும் போதவில்லை. 1953 ஜூலையில் மானியம் வெட்டப்பட்டு, பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு (அங்கே அரிசி அளக்கும் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12 அன்று தீவு தழுவிய ஹர்த்தால். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

கொரியாவிலோ, இறுதிக்கோடு ரேகையோடு ஒட்டாமல் சற்றுச் சாய்வாக விழுந்தது. தெற்கில் இருந்த கேசோங் வடக்குக்குப் போனது. வடக்கில் இருந்த சோக்சோ தெற்குக்கு வந்தது. போருக்கு முன் ஒரு நாட்டில் தூங்கி, போருக்குப் பின் இன்னொரு நாட்டில் எழுந்த ஊர்கள். சோக்சோவில் ஒரு மணல்திட்டின் மேல் வடக்கிலிருந்து வந்த அகதிகள் குடிசை போட்டார்கள். சில மாதத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் எதற்கு நல்ல வீடு கட்டுவார்கள்? அந்தக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்துக் கையாலேயே இழுத்துக்கொண்டு போகும் ஒரு தோணியில் அங்கே போகலாம்.

கோட்டின் இரு புறமும் பிரிந்த குடும்பங்களுக்குக் கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தெற்குக்குள்ளேயே ஒருவரையொருவர் தொலைத்தவர்களும் பல லட்சம். 1983 ஜூனில் தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, காணாமல் போன உறவினரைத் தேடும் நேரலை நிகழ்ச்சி ஒன்றை ஒன்றரை மணி நேரத்துக்கு என்று தொடங்கியது. கூட்டம் அலைமோதியது. நிலையத்தின் சுவர், படிக்கட்டு, நடைபாதை எங்கும் பெயர், வயது, தொலைந்த ஊர் எழுதிய அட்டைகள். நிகழ்ச்சி 138 நாள் நீண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறவுகள் சேர்ந்தன. வடக்கில் இருப்பவர்களைப் பார்க்க 2000 முதல் 2018 வரை 21 முறை ஏற்பாடு நடந்தது. அறுபது எழுபது ஆண்டு கழித்துச் சந்தித்த தாயும் மகனும் சில மணி நேரம் பேசிவிட்டு, அவரவர் பேருந்தில் ஏறிப் போக வேண்டும். அதற்கப்புறம் மறுபடி தொடர்பு இல்லை. பதிவு செய்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை.

சரி, ஒரு கையெழுத்துப் போட ஏன் முடியவில்லை?

1953 ஒப்பந்தம் ராணுவத் தளபதிகள் போட்ட ஒப்பந்தம். ஒரு பக்கம் ஐ.நா. படையின் அமெரிக்கத் தளபதி, மறுபக்கம் வட கொரியாவும் சீனப் படையும். தென் கொரியா கையெழுத்தே போடவில்லை. நாடுகளுக்கு இடையிலான அரசியல் தீர்வுக்கு மூன்று மாதத்துக்குள் மாநாடு கூட்டப் பரிந்துரைப்பதாக ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மாநாடு 1954-இல் ஜெனீவாவில் கூடி, ஒன்றும் ஆகாமல் கலைந்தது.

அப்புறம் வந்த ஒவ்வொரு முயற்சியும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது. யார் யாரோடு கையெழுத்துப் போடுவது? பல காலமாக வடக்கு, அமெரிக்காவோடு மட்டும் பேசுவேன் என்று நின்றது. எங்கள் நாட்டின் விதியை எங்களை விட்டுவிட்டு முடிவு செய்யாதே என்கிறது தெற்கு. சமாதானம் வந்துவிட்டால், தெற்கில் இருக்கும் 28,500 அமெரிக்க வீரர்கள் அங்கே எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அமெரிக்கா முதலில் அணு ஆயுதத்தைக் கைவிடு என்கிறது. முதலில் எங்களுக்குப் பாதுகாப்பு உறுதி கொடு என்கிறது 2006 முதல் 2017 வரை அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய வடக்கு.

2018 ஏப்ரல் 27 அன்று மூன் ஜே-இன்னும் வட கொரியத் தலைவர் கிம் ஜாங்-உன்னும் பான்முன்ஜோமில் கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். போர் முடிந்ததாக அந்த ஆண்டே அறிவிக்கப் பாடுபடுவோம் என்றார்கள். நடக்கவில்லை. 2024 தொடக்கத்தில் கிம் ஜாங்-உன் இரு கொரியாக்களும் ஒன்றாக வேண்டும் என்ற கொள்கையையே கைவிட்டு, தெற்கை முதன்மை எதிரி என்று அறிவித்தார். அந்த அக்டோபரில் இரு நாட்டையும் இணைக்கும் சாலைகளைத் தன் பக்கத்தில் வெடி வைத்துத் தகர்த்தார். ஒப்பந்தத்தைக் கண்காணிக்க 1953-இல் அமைத்த நடுநிலை நாடுகள் குழுவில், சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் அதிகாரிகள் கோட்டின் தென் பக்கத்தில் இன்றும் பணியில் இருக்கிறார்கள்.